பரனூரில் கடக்கும் கார், விக்கிரவாண்டியில் மின்சுமை: சாலை, சார்ஜர், கரண்ட் மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவது எப்படி?

போகிக்கு முதல் நாள் இரவு, ஒன்பதரை மணி இருக்கும். உளுந்தூர்பேட்டைக்குச் சற்று முன்னால் ஒரு சாலையோர ஓட்டல். அதன் பின்பக்கம் மின்சாரக் கார்களுக்கான 120 கிலோவாட் சார்ஜர் ஒன்று, அதில் இரண்டு கன், அதாவது காரில் மாட்டும் சார்ஜிங் முனை. இரண்டிலும் கார்கள் மாட்டியிருந்தன. பின்னால் ஏழு கார்கள் வரிசையில். எட்டாவதாக வந்தவருக்கு உள்ளே நுழைய இடமில்லை. பாதி வண்டி ஓட்டல் வாசலிலும் பாதி சர்வீஸ் ரோட்டிலுமாக நிறுத்தினார். அவருக்குப் பின்னால் ஓர் ஆம்னி பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

120 என்று எழுதியிருந்த அந்தச் சார்ஜர் அன்றைக்கு இரண்டு கார்களுக்கும் சேர்த்து 60-ஐத் தாண்டவில்லை. ஓட்டலுக்கும் சார்ஜருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். சமையலறை, ஏ.சி., போர் மோட்டார், வாசலில் சீரியல் பல்பு என எல்லாம் முழு மூச்சில் ஓடும் நேரம் அது. "கரண்ட் இல்லாம இல்லண்ணே, பத்தல" என்றார் சார்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்.

அந்த வரிசையில் நின்ற கார்களில் பெரும்பாலானவை சென்னையிலிருந்து வந்தவை. அதாவது நான்கைந்து மணி நேரம் முன்பே பரனூர் டோல்கேட்டைக் கடந்தவை. எந்த நொடியில் கடந்தன என்று ஃபாஸ்டேக் கணினியில் இருக்கிறது. சாலைக்கு மாலையிலேயே தெரிந்துவிட்ட சேதி ராத்திரி வரைக்கும் மின்சாரம் கொடுப்பவர் காதுக்குப் போகவில்லை. சாலை, சார்ஜர், கரண்ட் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வேலையின் சாரமே அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

சார்ஜிங் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர், போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரப் போகிறவர், மின்வாரியத்தில் புது ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்), கல்லூரியில் இதை ப்ராஜெக்டாக எடுத்திருப்பவர் என யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போனால் ஒரு மாதத்தில் ஒரு சாலையைக் கையில் பிடித்துவிடலாம். நான் சென்னை–திருச்சி சாலையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர்ச் சாலைக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் ஒரு சாலை, ஒரு தாள்

மாநிலம் முழுவதற்கும் திட்டம் போட ஆசை வரும். வேண்டாம். ஒரு சாலையை எடுத்து, ஒரு நீளமான தாளில் நேர்கோடாக வரையுங்கள். சென்னையிலிருந்து திருச்சி வரை ஏறத்தாழ 330 கி.மீ. அதில் சுங்கச்சாவடிகளைக் குறியுங்கள்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். இந்த ஆத்தூர் அச்சரப்பாக்கம் பக்கத்தில் இருப்பது, சேலத்து ஆத்தூர் இல்லை. தரவுக் கோப்பில் இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, வண்டிகள் பிரியும் இடங்கள். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் போகிறவர்கள் கழன்றுகொள்வார்கள். விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர்க்காரர்கள். உளுந்தூர்பேட்டையில் சேலத்துக்காரர்கள். பரனூரில் எண்ணிய நூறு கார்களில் பெரம்பலூர் வரை வருபவை எத்தனை என்பது இந்தப் பிரிவுகளைப் பொறுத்தது.

கோட்டுக்குக் கீழே இரண்டாவது வரிசையில் சார்ஜிங் நிலையங்கள். செயலியில் தெரிவதை அப்படியே எழுதாதீர்கள். நேரில் போய் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: சாலையின் எந்தப் பக்கம், எத்தனை கன் உண்மையில் வேலை செய்கிறது, இரண்டு காரும் ஒன்றாக மாட்டினால் எவ்வளவு கிலோவாட் வருகிறது, காத்திருக்கும் கார்கள் நிற்க எத்தனை இடம். கடைசிக் கேள்வியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆனால் டிராஃபிக் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

மூன்றாவது வரிசை மின்சாரம். எந்த டிரான்ஸ்ஃபார்மர், அதன் கொள்ளளவு எத்தனை கே.வி.ஏ., அதற்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபீடர் (மின்பாதை) எது, எந்தத் துணைமின் நிலையம். பல திட்டங்களில் இந்த வரிசை காலியாகவே இருக்கும், ஏனென்றால் இது எந்த வரைபடத்திலும் கிடைக்காது. டிரான்ஸ்ஃபார்மர் உடம்பில் ஒரு தகடு இருக்கும். 63, 100, 250, 500 என்று கே.வி.ஏ. அதில் எழுதியிருக்கும். வேலிக்கு வெளியே நின்றே படித்துக்கொள்ளலாம். ஃபீடர் பெயருக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். காலையில் போனால் ஏ.ஈ. லைன் வேலைக்குப் போயிருப்பார். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். லைன்மேனிடம் பேசுங்கள். "இந்த ஃபீடரில் எந்த நேரம் லோ வோல்டேஜ் வரும்?" என்று கேட்டால், எந்த மென்பொருளும் சொல்லாத பதிலை அவர் ஒரே வரியில் சொல்லுவார். வயல் மோட்டார்கள் ஓடும் ஃபீடரா, தனியாக ஊருக்கு மட்டும் போகும் ஃபீடரா என்பதையும் அவரிடமே தெரிந்துகொள்ளலாம்.

எண்ணுவது எப்படி

சுங்கச்சாவடியின் மணிவாரி எண்ணிக்கை உங்களுக்கு எடுத்த உடனே கிடைக்காது. கேட்கும்போது வண்டி எண்ணோ பெயரோ கேட்காதீர்கள். மணிக்கு எத்தனை கார் என்ற மொத்தக் கணக்கு போதும் என்று எழுத்தில் கொடுங்கள். தனிமனிதர் விவரம் இல்லை என்றால் கொடுப்பவருக்கும் தயக்கம் குறையும், உங்களுக்கும் அது தேவையில்லை.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நம் நாட்டில் மின்சார வண்டிகளுக்கு நம்பர் பிளேட் பச்சை நிறம். சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. டோல்கேட்டைத் தாண்டி வண்டிகள் மெதுவாக வரும் இடத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் மொத்தக் கார்களையும் பச்சை பிளேட்டுகளையும் தனித்தனியாக எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு முறை, செவ்வாய்க்கிழமை காலை ஒரு முறை. நூற்றுக்கு எத்தனை பச்சை என்று உங்கள் கையில் ஒரு விகிதம் வந்துவிடும். மாநில சராசரியை வைத்துக்கொண்டு பேசுகிறவரைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது. பண்டிகை நாளில் ஜி.எஸ்.டி. சாலை நிரம்பியதும், கார்களை ஓ.எம்.ஆர்., கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகச் சொல்லுவார்கள். அந்தக் கார்கள் பரனூரைத் தொடாமலே செங்கல்பட்டில் வந்து சேர்ந்துகொள்ளும். பரனூர்க் கணக்கு குறைகிறதே, கூட்டம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தால் ஆத்தூரில் மாட்டிக்கொள்வீர்கள். எனவே திருப்பிவிடும் உத்தரவு வந்த நிமிடத்திலிருந்து ஆத்தூர் எண்ணிக்கைதான் உங்கள் கணக்கு. போக்குவரத்துப் போலீஸின் அறிவிப்பை மின்சாரக் கணக்குப் போடுகிறவர் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

கார்களைக் கிலோவாட்டாக மாற்றுவது

இப்போது கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் எண்ணிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கு 2,000 கார்கள் தெற்கே போகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று மின்சாரக் கார் என்றால் 60. அதில் மூன்றில் ஒரு பங்கு விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே நின்று சார்ஜ் ஏற்றும் என்றால் 20. ஒவ்வொன்றும் 20 யூனிட் ஏற்றினால் மணிக்கு 400 யூனிட். ஒரு மணி நேரத்தில் 400 யூனிட் என்பது சராசரியாக 400 கிலோவாட் சுமை. சரி, இது சாலை கேட்பது.

இனி அந்த இடம் எவ்வளவு கொடுக்கும் என்று பாருங்கள். 20 யூனிட்டை சராசரி 40 கிலோவாட்டில் ஏற்றினால் அரை மணி நேரம். ஒருவர் கழற்றி, இன்னொருவர் வந்து மாட்டி, செயலியில் பணம் கட்டி முடிக்க ஐந்து நிமிடம். ஆக 35 நிமிடத்துக்கு ஒரு கார். அந்தப் பகுதியில் மொத்தம் எட்டு கன் என்றால் மணிக்குப் பதினான்கு கார்கூட முழுசாகப் போகாது. மணிக்கு 20 வந்தால் ஆறு பேர் மிச்சம். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்கு ஏறத்தாழ இருபது கார் நிற்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 400 கிலோவாட் கேட்கும் இடத்தில் எட்டு கன் சேர்ந்து கொடுப்பது சுமார் 270. மீதியைத் தடுத்து வைத்திருப்பது வரிசை. அதாவது சாலையில் நிற்கும் கூட்டம்தான் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதுகாப்பு! இன்னும் நான்கு கன் வைத்தால் வரிசை கரையும், ஆனால் தடுத்து வைத்த சுமை முழுவதும் ஃபீடரில் இறங்கும். போக்குவரத்துக்காரர் "கன்னைக் கூட்டு" என்பார், மின்வாரியத்தில் "சுமையைக் குறை" என்பார்கள். இருவர் சொல்வதும் சரி. இரண்டையும் ஒரே தாளில் பார்க்காதவரை இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நெரிசலில் பேட்டரி எவ்வளவு குறையும் என்று புதியவர்கள் ரொம்பவே பயப்படுவார்கள். மின்சாரக் கார் நிற்கும்போது ஓடுவது ஏ.சி.தான். நம் ஊர் வெயிலில் அது மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் எடுக்கும். மெதுவாக ஊர்ந்தால் காற்றின் எதிர்ப்பு குறைவதால் கி.மீ.க்கு ஆகும் செலவு குறையவும் செய்யும். எனவே நெரிசல் சுமையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, தள்ளிப்போடுகிறது, கொத்தாக்குகிறது. செங்கல்பட்டில் சிக்கிய கார்கள் விடுபட்டதும் ஒன்றாகக் கிளம்பி, போன நேரத்தைப் பிடிக்க நூறு, நூற்றுப்பத்தில் விரட்டி, கொத்தாக ஒரே நிலையத்தில் வந்து இறங்கும். அந்த விரட்டலில்தான் பேட்டரி கரையும்.

மூன்று கடிகாரம்

சாலைக்கு ஒரு கடிகாரம், சார்ஜருக்கு ஒன்று, கிரிட்டுக்கு (மாநில மின்கட்டமைப்புக்கு) ஒன்று. மூன்றையும் சரிசெய்யாமல் எந்த வரைபடமும் போடாதீர்கள்.

முதன்முதலில் ஒரு நிலையத்தின் சார்ஜிங் பதிவை வாங்கி நான் கிராஃப் போட்டபோது, உச்சச் சுமை மாலை மூன்றரை மணிக்கு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சோலார் இருக்கும் நேரம், கிரிட்டுக்குக் கவலையே இல்லை என்று ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். அறிக்கையைப் பார்த்த ஒரு மூத்தவர் கேட்டார்: "தம்பி, மூன்றரை மணிக்கு எவன்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு நிக்கிறான்?" சார்ஜர்கள் சர்வருடன் பேசும் ஓ.சி.பி.பி. முறையில் நேரம் உலகப் பொது நேரமாகப் பதிவாவது வழக்கம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். என் மூன்றரை மணி என்பது உண்மையில் இரவு ஒன்பது. சோலார் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

எனவே கோப்பு கையில் வந்ததும் முதல் வேலை, நீங்களே ஒரு காரை மாட்டி, கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, பதிவில் என்ன வருகிறது என்று ஒப்பிடுவது.

அப்புறம் பயண நேரம். பரனூரிலிருந்து விக்கிரவாண்டி சுமார் 100 கி.மீ. சாதாரண நாளில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். பண்டிகை இரவில் அது இரண்டரை, மூன்று ஆகும். இந்தத் தாமதத்தை நிலையாக வைக்காமல், இரண்டு சாவடிகளுக்கு நடுவே கார்கள் எடுக்கும் நேரத்தை அரை மணிக்கொரு முறை பார்த்துத் திருத்துங்கள். அலுவலகம் முடிந்து ஆறு மணிக்குக் கிளம்பியவர் பரனூரை எட்டு மணிக்குத் தாண்டினால், விக்கிரவாண்டியில் அவருடைய சுமை பத்தரைக்கு. எட்டு மணிக்கே தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதுதான் இனி வரும் பகுதி.

மாநிலம் அசையாது, தெருமுனை அசையும்

இந்த இடத்தில் ஒரு தவறான பயத்தைக் கழற்றி வைக்க வேண்டும். "எல்லோரும் மின்சாரக் கார் வாங்கினால் கிரிட் தாங்குமா" என்று டிவி விவாதம் நடக்கும். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சாலையில் ஒரே நேரத்தில் ஆயிரம் கார்கள் தலா 50 கிலோவாட்டில் சார்ஜ் ஏற்றினாலும் 50 மெகாவாட். அந்த உச்சத்தில் கால் சதவீதம். சென்னையில் உட்கார்ந்து மாநிலத்தின் மின்சுமையைச் சமன் செய்கிறவர்கள் பொங்கல் நேரத்தில் இதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஜனவரியில் கோடைக்கால ஏ.சி. சுமையும் இல்லை.

ஆனால் 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. அதிலிருந்து நடைமுறையில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 190, 200 கிலோவாட். ஓட்டல் 100 எடுத்துக்கொண்டால் சார்ஜருக்கு மிச்சம் 90. சார்ஜரின் மேல் 120 என்ற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் 120 வந்துவிடாது. நான் பார்த்தவரை தொல்லைகளில் பெரும்பாலானவை டிரான்ஸ்ஃபார்மரில்தான் தொடங்கும், சில நேரம் ஃபீடரில். அதனால் முதலில் பேச வேண்டிய ஆள் தலைமை அலுவலகத்தில் இல்லை, பிரிவு அலுவலகத்தில்தான்.

நிலையத்துக்குள் செய்யக்கூடியவை

விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ஓட்டல்காரரிடம் பேசி, இரவு எட்டு முதல் பதினொன்று வரை போர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், ஹீட்டர் மூன்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியை மாலை ஐந்துக்கே நிரப்பிவிடலாம். பத்து ரூபாய் செலவில்லாமல் இருபது, முப்பது கிலோவாட் கிடைக்கும். இதை ஏனோ எந்த ஆலோசகரும் அறிக்கையில் எழுதுவதில்லை.

அடுத்தது சுமைப் பங்கீடு. ஓ.சி.பி.பி. பேசும் சார்ஜருக்கு "இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை இவ்வளவுக்கு மேல் எடுக்காதே" என்று சர்வரிலிருந்தே சொல்லலாம். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மீட்டர் வைத்து, ஓட்டல் எடுப்பது போக மிச்சத்தைச் சார்ஜர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இன்னும் நல்லது. பிரிக்கும்போது சமமாகப் பிரிக்காதீர்கள். பேட்டரி 15 சதவீதத்தில் வந்த காருக்கு அதிகம் கொடுங்கள். 80-ஐத் தாண்டிய கார் எப்படியும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதே காரணத்தால்தான் கூட்ட நேரத்தில் "80 வந்ததும் எடுத்துவிடுங்கள்" என்ற பலகை அவசியம். ஒருவர் கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்தவர் வீடு போய்ச் சேரும் அளவுக்கு ஏற்றிவிடலாம். இதைச் செயலியில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். மனிதர் ஒருவர் நின்று, "சார், எண்பது ஆயிடுச்சு, பின்னாடி குழந்தையோட நிக்கிறாங்க" என்று சொன்னால் நகர்வார்கள். பண்டிகை மூன்று நாளுக்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து நிறுத்துவது, புது டிரான்ஸ்ஃபார்மரைவிட எத்தனையோ மலிவு.

பெரிய பேட்டரி வைத்து, பகல் சோலாரில் ஏற்றி இரவில் இறக்கலாம் என்பார்கள். 200 யூனிட் பேட்டரி இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கூடுதலாக 100 கிலோவாட். கேட்க நன்றாக இருக்கும். வருடத்தில் பத்து நாள் கூட்டத்துக்காக மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது. தினமும் மாலை உச்ச நேரத்தில் பயன்படும் என்றால்தான் கணக்கு போட்டுப் பாருங்கள்.

சாலைக்குத் திருப்பிச் சொல்வது

இதுவரை சாலையிலிருந்து மின்சாரத்துக்குச் சேதி வந்தது. இனி எதிர்த்திசை: நிலையத்தின் நிலவரத்தை வண்டியோட்டிகளுக்குச் சொல்வது. இங்கேதான் புதியவர்கள் நல்லெண்ணத்தில் பெரிய தப்பு செய்வார்கள்.

"விக்கிரவாண்டியில் 3 கன் காலி" என்று பலகையில் போடுகிறீர்கள். நாற்பது நிமிடப் பயண தூரத்தில் இருபது பேர் அதைப் பார்க்கிறார்கள். இருபது பேரும் அங்கே போகிறார்கள். நாற்பது நிமிடம் கழித்து அங்கே திருவிழா; பக்கத்து நிலையத்தில் ஆளே இல்லை. அடுத்து "விக்கிரவாண்டி நிரம்பியது" என்று போட்டால் கூட்டம் மொத்தமாக உளுந்தூர்பேட்டைக்குச் சாயும். பலகையே கூட்டத்தை ஊஞ்சல் ஆட்டிவிடும்.

எனவே இப்போது காலியா என்று சொல்லாதீர்கள். "நீங்கள் போய்ச் சேரும்போது காத்திருப்பு எத்தனை நிமிடம்" என்று சொல்லுங்கள். அதற்கு, வழியில் வந்துகொண்டிருக்கும் கார்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைத்தான் நீங்கள் ஆத்தூரில் எண்ணி வைத்திருக்கிறீர்கள். பிரியும் இடத்துக்கு முன்னாலேயே சொல்லுங்கள்; திண்டிவனத்தைத் தாண்டியபின் திண்டிவனம் காலி என்று சொல்லிப் பயனில்லை. முடிந்தால் முன்பதிவு வைத்து ஆளாளுக்கு வேறு இடம் சொல்லுங்கள். இன்னொன்று: முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளச் சொல்வது. 20 யூனிட்டை ஒரே இடத்தில் ஏற்றுவதற்குப் பதில், திண்டிவனத்துக்கு முன்னால் பத்து, பெரம்பலூரில் பத்து. பேட்டரி கீழே இருக்கும்போது வேகமாக ஏறும் என்பதால் காரோட்டிக்கும் நஷ்டமில்லை.

வரிசை சர்வீஸ் ரோட்டைத் தொட்டால் அது சார்ஜிங் பிரச்சினை இல்லை, விபத்து அபாயம். அந்தக் கட்டத்தில் யாரிடமும் அனுமதி கேட்காமல் பலகையில் அந்த நிலையத்தை எடுத்துவிடும் அதிகாரம் யாருக்கு என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

விலையும் வீட்டுச் சார்ஜரும்

மத்திய மின்துறை 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்குச் சூரிய ஒளி நேரத்தில் மின்சாரத்தைச் சராசரி அடக்கவிலையின் 0.7 மடங்குக்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்குக்கும் கொடுக்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் நெடுஞ்சாலையில் போகிப் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர் விலை பார்த்துப் பயணத்தை மாற்ற மாட்டார். விலை வேலை செய்யும் இடம் வீடு, அலுவலகம், டிப்போ.

அங்கேயும் ஒரு குழி உண்டு. இரவு பத்து மணிக்கு விலை குறைகிறது என்றால் எல்லாக் காரும் சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கும். பழைய உச்சத்துக்குப் பதில் புது உச்சம். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விதியில் இதற்கு ஒரு எளிய வழி வைத்தார்கள்: வீட்டுச் சார்ஜர் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் குலுக்கல் போல ஏதோ ஒரு தாமதத்தை எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பது ஸ்கூட்டரும் பத்து காரும் இருந்தால் நீங்களும் அதைச் செய்துகொள்ளலாம். நேரடியாகக் கேட்டுக்கொள்ளும் வழியும் உண்டு. 2022 செப்டம்பர் வெப்ப அலையின்போது கலிஃபோர்னியாவில் மாலை நான்கு முதல் ஒன்பது வரை கார்களைச் சார்ஜ் செய்ய வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

பழகுவதற்கு எளிய களம் வேண்டுமென்றால் பஸ் டிப்போவைப் பாருங்கள். சென்னையில் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வண்டி, நேர அட்டவணை, சார்ஜர் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால் மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்கலாம். மழையில் பஸ் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தால் எந்தச் சார்ஜர் காலியாக நிற்கும், எந்தச் சுமை உச்ச நேரத்துக்குள் தள்ளப்படும் என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு

பிரிவு அலுவலகத்துக்குப் போய், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்த வாரத்தில் உங்கள் ஃபீடருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தள்ளிவைக்கக் கடிதம் கொடுங்கள். கேட்காததால் போகியன்று காலை ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்த நிலையம் ஒன்றை எனக்குத் தெரியும். நாளிதழில் முந்தின நாளே அறிவிப்பு வந்திருந்தது.

ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்குங்கள். சுங்கச்சாவடி மேற்பார்வையாளர், நெடுஞ்சாலை ரோந்து, பிரிவு அலுவலகத்தில் ஒருவர், ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர். "காலை வணக்கம்" படம் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரை மணிக்கொரு முறை மூன்றே எண்கள் வந்தால் போதும்: ஆத்தூரில் கடந்த கார்கள், நிலையத்தில் காத்திருக்கும் கார்கள், டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் கிலோவாட். இதற்கென்று பெரிய மென்பொருள் வரும், வரட்டும். அதுவரை இந்த மூன்று எண்களே கட்டுப்பாட்டு அறை.

நெட்வொர்க் போனால் செயலியில் பணம் கட்ட முடியாது, கன் பூட்டிக்கொள்ளும். கார்டு தட்டியோ, பணியாள் கையாலோ தொடங்க வழி இருக்கிறதா என்று முன்பே ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

திரும்பி வரும் கூட்டத்தை மறந்துவிடாதீர்கள். காணும் பொங்கல் முடிந்த ஞாயிறு மாலை, இதே கார்கள் எதிர்ப்பக்கம் வரும். அப்போது முதல் எண்ணிக்கை சமயபுரத்தில், சுமை பெரம்பலூரிலும் விழுப்புரத்திலும். நடுவில் மீடியன் இருப்பதால் தெற்கே போகும் பக்கத்து நிலையங்கள் அவர்களுக்குக் கிடையாது; யூ-டர்ன் போட்டு வரச் சொன்னால் அந்தத் திருப்பத்தில் புது நெரிசல். உங்கள் தாளை எடுத்து, வடக்கே வரும் பக்கத்தில் இருக்கும் கன்களை மட்டும் தனியாக ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.